மார்க்கண்டரின் மேல்வரிசை

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். மார்க்கண்டருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயின. அதுவும் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமலா? மைக்குக்கு முன்னால், ஒரு திடல் சனம் பார்த்திருக்கப் போயின.

கோப்பாய்ப் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி என்றால் மைக்கில் மார்க்கண்டர்தான். மற்ற நாளில் வெங்காயத் தோட்டம், இறைப்பு, மருந்தடிப்பு என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரிகிற மனிதர்தான். திடலின் மேடையில் ஏறிவிட்டாரென்றால் ஆள் வேறு. இரண்டு வண்டி, நாலு நாம்பன் காளை, ஒரு புழுதி. அதை அவர் வாயால் ஓட்டுகிற ஓட்டத்தில், முன்வரிசையில் நிற்கிறவனுக்கும் பின்னால் நின்று தலைகளை மட்டும் பார்க்கிறவனுக்கும் ஒரே பதற்றம், பதகளிப்பு. மாடு ஓடுவதைப் பார்க்கப் போகிறோமோ, மார்க்கண்டர் கத்துவதைக் கேட்கப் போகிறோமோ என்று சனத்துக்கே தெரியாது.

அன்றைக்குக் கடைசி ஓட்டம். நீர்வேலியின் சாம்பல்நிற மயிலைச் சோடியும் அளவெட்டியின் செந்நிறச் செவலைச் சோடியும் மூக்கோடு மூக்காக வருகின்றன. "மயிலை முந்துது, மயிலை முந்துது, இல்லை, செவலை விட்டுக் குடுக்கேல்லை" என்று வாயை அகலத் திறந்தாரோ இல்லையோ, மேல்வரிசைக் கட்டுப்பல் அப்படியே கழன்று பாய்ந்து மைக்கில் 'டொக்' என்று மோதிப் புழுதியில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் வந்தது வெறும் காற்று. எந்தச் சோடி வென்றதென்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டுமென்ற கவலையும் யாருக்கும் இல்லை. திடலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெடியள் போனில் பிடித்தது பின்னேரத்துக்குள் கனடாவுக்கும் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சவாரிச் சங்கச் செயலாளர் ஜெயதீபன் நல்ல பிள்ளை. அடுத்த நாளே வந்து, பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "அண்ணை, பொங்கல் சவாரிக்கு நீங்கள் ஆறுதலா இருங்கோவன். வட்டுக்கோட்டையிலை ஒருத்தர் இருக்கிறார்." ஆறுதலாக இருங்கோ என்றால் மைக்கை விடுங்கோ என்று அர்த்தம். மார்க்கண்டருக்கு அது விளங்காமல் போகுமா? அந்த மைக்கை எப்படியும் திரும்பப் பிடிக்கிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

அவருக்குப் பல் போனதும் சவாரியில்தான். இருபத்தைந்து வயதில் அவரே வண்டி ஓட்டிய காலத்தில், சில்லுக் கழன்று முகம் குப்புற விழுந்தார். மேல்வரிசை முழுவதும் போனது. கட்டுப்பல்லோடுதான் கலியாணம். குணலட்சுமிக்குத் தெரியாமல் இல்லை. தரகர் சொல்லித்தான் பேசினார். ஆனாலும் பல்லில்லாத வாயை அவள் ஒருநாளாவது கண்டிருக்க வேண்டுமே! இல்லை. முப்பது வருடம், ஒருநாள் இல்லை. கிணற்றடியில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கழுவுவார். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் எட்டுக் குடும்பம் கிடந்தபோதும் அதே துவாய்தான். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றவே மாட்டார். நித்திரையில் நழுவினாலும் என்று சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். அவளும் கேட்டதில்லை, ஊரெல்லாம் பார்த்த அந்தப் போன் படத்தையும் திறந்ததில்லை. கேட்டால் மனுசன் நொந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும்.

யாழ்ப்பாண நகரத்தில் பல் வைத்தியர் றுஷ்தாவிடம் போனார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துத் துரத்தப்பட்ட தகப்பனின் ஊருக்கே திரும்பி வந்து சிகிச்சை நிலையம் போட்ட பிள்ளை. படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, இரவிலை பல்லைக் கழட்டி வைக்கிறனீங்களோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லைப் பிள்ளை."

அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள். மேல்தாடை எலும்பு பப்படம் போல மெலிந்து கிடந்தது. "பல்லு இருந்தால்தான் எலும்புக்கு வேலை. வேலையில்லாத எலும்பு கரைஞ்சு போகும். நீங்கள் இரவும் பகலும் தட்டை வைச்சு அமத்த அமத்த இன்னும் கெதியாக் கரைஞ்சிட்டுது. கட்டுப்பல் பிடிச்சு நிக்க இடமில்லை. ஆணி இறுக்கி நிரந்தரமாப் பல்லு வைக்கலாம். ஆனா ஆணி இறங்க எலும்பு வேணுமே. முதல்லை எலும்பு வைச்சுக் கட்டவேணும். அது ஊறி ஒட்ட ஆறு மாதம் செல்லும். பிறகுதான் ஆணி."

அவளுடைய கதையில் மார்க்கண்டரின் காதில் ஏறியது 'நிரந்தரம்' மட்டும்தான். கழன்று பாயாத பல். கதிரையில் இருந்தபடியே அவர் மனதுக்குள் ஒரு சவாரி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த பேச்சில்தான் சடக்கென்று எழும்பினார்.

"எலும்புத்தூள் கன விதம் இருக்கு ஐயா. கூடுதலாப் பாவிக்கிறது மாட்டெலும்பிலையிருந்து எடுக்கிறது. உங்களிட்டைச் சொல்லாமல் வைக்க ஏலாது."

"பிள்ளை, நான் மாட்டைப் பாடிப் பேரெடுத்த மனிசன். அதின்ரை எலும்பை வாயுக்கை வைச்சுக்கொண்டு எந்த முகத்தோடை கொட்டிலுக்குள்ளை போறது?"

றுஷ்தா சிரிக்கவில்லை. "இருங்கோ ஐயா. மேலாலை மூடுற சவ்விலை சிலது பண்டியிலையிருந்து வாறது. எங்கடை ஆக்களுக்கு அது ஆகாது. நான் விசாரிச்சுத்தான் எடுப்பிக்கிறனான். அதாலைதான் உங்களிட்டையும் கேட்டனான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்கடை எலும்பையே எடுப்பம். கீழ்த்தாடையின்ரை பின்பக்கத்திலை கொஞ்சம் இருக்கு. ரெண்டு இடத்திலை நோகும்."

"நோகட்டும்," என்றார் மார்க்கண்டர்.

"ஆனா ரெண்டு கிழமைக்குக் கட்டுப்பல் போட ஏலாது. வாயைப் பெரிசாத் திறக்கவோ கத்தவோ கூடாது. வைச்ச எலும்பு அசைஞ்சால் எல்லாம் வீண். அங்கையிருந்து திருப்பி எடுக்க உங்களிட்டை வேறை எலும்பு இல்லை."

தைப்பொங்கலுக்கு ஐந்தாறு நாள் முன்னால் வெட்டித் தைத்தார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கியது. வலிக்கு மனுசன் முனகவே இல்லை. அவருடைய கவலையெல்லாம் குணலட்சுமியின் கண். கொரோனாக் காலத்து மாஸ்க் ஒரு பெட்டி அலுமாரியில் மிச்சம் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் திரிந்தார், போட்டபடியே படுத்தார். கஞ்சியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். "களவெடுத்த பூனை மாதிரி என்ன மனுசனப்பா," என்று குணலட்சுமி குசினிக்குள் நின்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொங்கல் சவாரியன்று காலை ஜெயதீபன் மோட்டார் சைக்கிளை வாசலில் விழுத்தாத குறையாக ஓடி வந்தான். வட்டுக்கோட்டைக்காரருக்கு டெங்குவாம், ஆஸ்பத்திரியிலாம். சனம் வந்துவிட்டது, வண்டிகள் வந்துவிட்டன, மைக்குக்கு ஆளில்லை.

"அண்ணை, கடைசி ஓட்டம் மட்டுமெண்டாலும் வந்து சொல்லுங்கோ. உங்களை விட்டால் ஆர் எங்களுக்கு?"

விட்டுப்போன மைக் தானாக வீடு தேடி வந்து நிற்கிறது! மார்க்கண்டரின் கை கொடியில் கிடந்த சேட்டைத் தேடியது. தையல், எலும்பு, றுஷ்தா எல்லாம் மறந்துபோயின. ஒரே ஒரு ஓட்டம்தானே, மெல்லமாகச் சொன்னால் என்ன என்று மாஸ்க்குக்குள்ளால் முணுமுணுத்தார். மெல்லமாகச் சவாரி சொல்ல அவருக்குத் தெரியுமா?

"நீங்கள் வாய் திறக்கப்படாது," என்றாள் குணலட்சுமி. கையில் இருந்த அகப்பையோடு முன்னுக்கு வந்தாள். "தம்பி ஜெயதீபன், நான் வந்து சொல்லுறன்."

"அக்கா, நீங்கள் திடல் பக்கமே வந்ததில்லையே."

"திடலுக்கு வரேல்லை. இவர் மாட்டுக்கொட்டிலிலை நிண்டு கத்திப் பழகினதை முப்பது வரியமா ஆர் கேட்டது, மாடோ? எந்த மாட்டையும் எனக்குக் கண்டு தெரியாது. இவர் பக்கத்திலை நிண்டு கையைக் காட்டட்டும்."

ஜெயதீபன் மார்க்கண்டரைப் பார்த்தான். மார்க்கண்டர் குணலட்சுமியைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் சீலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மேடையில் ஒரு பெண்பிள்ளை ஏறியதைக் கண்டு சனம் முதலில் கூவியது. முதல் ஓட்டம் தொடங்கியது. முந்துகிற வண்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையை மார்க்கண்டர் தூக்கினார். சோடிகளின் பெயரை ஜெயதீபன் எழுதிக் கொடுத்திருந்தான். குணலட்சுமி பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி. மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தாமல் உருட்ட வேண்டும், எல்லாம் அவருடைய வித்தைதான். குரல் மட்டும் இன்னும் கூர்மை. மூன்றாம் ஓட்டத்தில் கூவல் நின்றது. ஐந்தாவதில் விசில் பறந்தது. மார்க்கண்டருக்கு எரிச்சலும் வந்தது, பெருமையும் வந்தது. எது கூட என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசி ஓட்டம். திரும்பவும் நீர்வேலியும் அளவெட்டியும். பாதி வழியில் வண்டிகள் உரசி, இடம் வலமாகி, இரண்டும் புழுதிக்குள் மறைந்தன. மார்க்கண்டர் வலக்கையைத் தூக்க, குணலட்சுமி தொடக்கத்தில் வலப்பக்கத்தில் நின்ற சோடியின் பெயரையே சொன்னாள். "பிழை, பிழை" என்று சனம் கத்தியது. அவள் திகைத்துத் திரும்பினாள். அவர் மாஸ்க்குக்குள்ளால் சொல்லிப் பார்த்தார். ஒலிபெருக்கி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன, என்ன?" என்று அவள் கேட்டது திடல் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். கத்தினால் எலும்பு போய்விடும். கத்தாவிட்டால் இவளுடைய மானம் போய்விடும்.

மார்க்கண்டர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார்.

வீங்கி, உள்ளுக்குள் மடிந்து, மேல்வரிசையே இல்லாத அந்த வாயை அவளுக்கு நேரே கொண்டுபோய் வைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ம-யி-லை. ஒரு கணம் குணலட்சுமி மைக்கை மறந்தாள். கண் அவருடைய முகத்திலேயே நின்றது. மார்க்கண்டருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் திரும்பவில்லை. திரும்பவும் சொன்னார்: ம-யி-லை.

"மயிலை வருது, நீர்வேலி மயிலை வருது, செவலை பின்னாலை, செவலை விடேல்லை, மயிலை, மயிலை, மயிலையெல்லோ!"

அந்தக் கத்தலில் திடல் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் மாட்டைப் பார்க்கவே இல்லை. அவருடைய வாயைப் பார்த்துத்தான் சவாரி சொன்னாள்.

சனம் கலைந்த பிறகு இரண்டு பேரும் மேடை விளிம்பில் இருந்தார்கள். மாஸ்க் எங்கே விழுந்ததென்று அவர் தேடவில்லை.

"உதுக்கோ முப்பது வரியமாச் சுவரைப் பாத்துப் படுத்தனீங்கள்?" என்று குணலட்சுமி கேட்டாள். கோபம்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த கிழமை றுஷ்தா தையலை வெட்டி, விரலால் தடவி, படம் எடுத்துப் பார்த்தாள். எலும்பு அசையவில்லை. மார்க்கண்டருக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து சேர, ஜெயதீபன் வாசலில் காத்திருந்தான்.

"பங்குனியிலை அடுத்த சவாரி அண்ணை. அக்காவைக் கேக்கவெண்டு வந்தனான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்களுக்குப் பல்லு வந்தாப்பிறகு திரும்பவும் நீங்கள்தானே."

"அதுக்கு இன்னும் கன மாதம் கிடக்கு," என்றாள் குணலட்சுமி அவசரமாக. "பங்குனிக்கு வேறை ஆளைப் பாரும் தம்பி. இவருக்கு மனம் நோகும்."

நொந்ததுதான். இல்லையென்று சொன்னால் பொய். மார்க்கண்டர் முற்றத்தில் இறங்கினார். பிறகு வெறும் வாயோடு, வெயிலில், இரண்டு பேருக்கும் முன்னால் பல்லில்லா முரசு தெரிய, குணலட்சுமியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓமெண்டு சொல்லும். சொல்லுறது நீர். வாயைக் காட்ட நான் வாறன்."