காத்தான் இழுத்துப் போன வீடு

கொல்லிமலையில் காத்தானிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வருவது “ஆகாதுங்க” என்ற ஒரே சொல்தான். கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கேட்ட சாமான் சாயங்காலத்துக்குள் அவரவர் வாசலில் இறங்கிவிடும். எரிச்சலோடுதான் இறங்கும், ஆனால் இறங்கிவிடும். மறுக்கிற மனிதர் என்று பெயரெடுத்தவர் வாழ்நாளில் எதையுமே மறுத்ததில்லை என்பது அவர் மனைவி கண்ணாயிக்குத் தெரியும், மலைக்கும் தெரியும். காத்தானுக்கு மட்டும் தெரியாது.

ஐம்பது வயதை ஒட்டியவர். நடுத்தர அளவில் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அதில் மரவள்ளிக்கிழங்கும் மிளகும் பலாவும் இறங்கும். மேலே ஏறுவதற்கு இன்னதுதான் என்ற கணக்கே கிடையாது. காரணம், மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஏறுகிற வண்டி வெறுமனே ஏறக் கூடாது. கீழே சேந்தமங்கலத்தில் வண்டி நிற்கிறது என்று தெரிந்தால் போதும், யாரோ ஒருவரின் மூட்டை அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அனுமதி கேட்பது சம்பிரதாயத்துக்குத்தான். காத்தான் இந்த வழக்கத்தைத் தினமும் திட்டுவார். ஒருநாள் யாருமே மூட்டை கொண்டுவராதபோது, மனம் கேட்காமல் தானே ஓர் உப்பு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்.

இந்த மனிதரிடம்தான் அக்கா மகள் யமுனா ஒரு வீட்டை இழுத்துவரச் சொன்னாள்.

யமுனா ஊட்டியில் ஓட்டல் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வந்து, மலைமேல் நாடு என்று சொல்லப்படும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திருப்புலி நாட்டில் தன் அப்பா வழி நிலத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்க இடம் அமைக்க நினைத்தாள். நிலம் இன்னும் பாகம் பிரியாதது. அஸ்திவாரம் தோண்டினால் நிலம் உன்னுடையதாகிவிடும் என்றார் சித்தப்பா. சரி, தோண்டவில்லை என்றாள் யமுனா. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், இரண்டு சக்கரம் வைத்து, படுக்கை, சின்னச் சமையலறை, குளியலறையோடு ஒரு வண்டிவீடு கட்டச் சொன்னாள். சக்கரத்தின் மேல் நிற்பதை யாரும் கட்டடம் என்று சொல்ல முடியாதல்லவா. சித்தப்பா யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் யோசிப்பது சின்னம்மா மாதம்மாள் என்பது ஊரறிந்த விஷயம்.

சனிக்கிழமை முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். வியாழக்கிழமை வண்டிவீடு மலை ஏறியாக வேண்டும். நாமக்கல்லில் விசாரித்த ஓட்டுநர்கள் எல்லோரும் எழுபது கொண்டையூசி வளைவு என்றதும் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

“ஆகாது கண்ணு,” என்றார் காத்தான்.

“காலைல ஆறு மணிக்கு வந்துருங்க மாமா,” என்றாள் யமுனா.

பட்டறையில் பிக்கப்பின் பின்புறம் ஓர் இரும்புக் குண்டு பொருத்தினார்கள். வண்டிவீட்டின் மூக்கு அந்தக் குண்டின் மேல் கிண்ணம்போல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டு நழுவினாலும் மூக்கு தரையில் விழாமல் தாங்க, அதன் அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார்கள். விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரு ஒயர். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சின்னப் பிடி. அதை அமுக்கினால் பின்னால் வரும் வீட்டின் பிரேக் மட்டும் பிடிக்கும். பட்டறைக்காரர் பாரத்தைப் பற்றி நீளமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். காத்தான் பக்கத்துக் கொட்டகையில் ஒரு லாரிக்குப் பாடி கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். தனக்குத் தெரியாத பாரமா? கேட்டது யமுனா மட்டும்.

சேந்தமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அதுதான் பிசகு.

வண்டிவீடு வருகிற சேதி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மாதம்மாள் மேலே மளிகைக் கடை நடத்துகிறவள். கடைக்கு வேண்டிய அரிசி மூட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. அவள் மலையிலிருந்தே போனில் ஏற்பாடு செய்துவிட்டாள். பக்கத்திலேயே காத்தானின் பங்காளி மாணிக்கம் சிமெண்டு மூட்டைகளோடு நின்றார். மேலே அவர் குளியலறை ஒன்று பாதியில் நிற்கிறது. பிக்கப்பின் பெட்டி முழுக்க யமுனாவின் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் கூடாரத் துணியும் இருந்தன. வண்டிவீடோ காலியாக, பளபளவென்று, ஊரையே அழைப்பதுபோல் நின்றது.

“ஆகாதுங்க,” என்றார் காத்தான். மாணிக்கம் அதற்குள் கதவைத் திறந்திருந்தார்.

“மாமா, இதுல சாமான் ஏத்தக் கூடாதுங்க,” என்றாள் யமுனா. “அதும் பின்னாடி ஏத்தவே கூடாது. பட்டறைக்காரர் சொன்னாருங்கல்ல?”

“அவரு பாடி கட்டறவரு சாமி. மலை ஏறறவரில்ல. மேட்டுக்குப் பாரம் பின்னாடிதான் இருக்கோணும். அப்பத்தான் டயரு ரோட்டைக் கடிக்கும்.”

பிக்கப்புக்கு இது முற்றிலும் சரி. எத்தனையோ வருடமாக அந்த வண்டியை மலையேற்றியது இந்த ஞானம்தான். இப்போது பின்னால் வருவது பிக்கப் இல்லை என்பதை மட்டும் ஞானம் கவனிக்கவில்லை.

“சரி, முன்னாடி வெய்க்கட்டுங்களா?” என்றார் மாணிக்கம்.

“முன்னாடி படுக்கை இருக்குதுங்க. புது மெத்தை,” என்று யமுனா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஆக, சிமெண்டும் அரிசியும் பின்கதவை ஒட்டியே அடுக்கப்பட்டன. கடைசியாக மாணிக்கம் தானும் உள்ளே ஏறி, மெத்தையில் சாய்ந்து பார்த்தார்.

“இழுக்கற வண்டில ஆள் இருக்கக் கூடாதுங்க, எறங்குங்க,” என்றாள் யமுனா.

“மெத்தை போட்ட ஊட்டுல ஆள் படுக்காட்டி அதுக்கு என்ன மருவாதி கண்ணு?”

இந்த ஒன்றில் யமுனா விட்டுக்கொடுக்கவில்லை. மாணிக்கம் முணுமுணுத்துக்கொண்டே பிக்கப்பில் அவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்.

மலையடிவாரம் வரைக்கும் சமதளம்தான். காத்தான் உற்சாகமாக ஓட்டினார். பின்னால் ஒன்று வருவதே தெரியவில்லை என்று பெருமைகூடப் பட்டார். தெரியாமல் இருந்ததுதான் கோளாறு என்று யமுனா நினைத்தாள். எதிரே ஒரு டிப்பர் லாரி விர்ரென்று கடந்து போனது. அந்தக் காற்றில் வண்டிவீடு லேசாக ஆடியது. பிறகு நன்றாக ஆடியது. பிறகு, நாய் வாலை ஆட்டுகிறதா வால் நாயை ஆட்டுகிறதா என்று தெரியாதபடி, பிக்கப்பின் பின்பக்கமே இடமும் வலமுமாக இழுபட்டது. காத்தான் பிரேக்கில் கால் வைத்தார். ஆட்டம் இரண்டு மடங்காயிற்று.

“மிதிக்காதீங்க மாமா. ஸ்டேரிங்க நேரா புடிங்க. காலை எடுங்க,” என்ற யமுனா, மாணிக்கத்தின் மடிமேல் சாய்ந்து அந்தச் சின்னப் பிடியை அமுக்கினாள். வீட்டின் பிரேக் மட்டும் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்தியதுபோல் ஒரு இழுப்பு. வண்டி நேரானது, வேகம் குறைந்து ஓரத்தில் நின்றது.

காத்தான் தலையை வெளியே நீட்டி, ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார்.

“ரோடு சரியில்ல,” என்றார்.

வண்டி ஊர்ந்தபடியே மலையடிவாரத்து டீக்கடை வரை வந்ததும் யமுனா இறங்கி, வண்டிவீட்டின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். “இப்பப் பூட்டைத் தொறந்து பாருங்க,” என்றாள். சங்கிலியை மட்டும் விட்டுவிட்டு காத்தான் பூட்டை எடுத்தார். குண்டின் மேல் கனமாக உட்கார்ந்திருக்க வேண்டிய மூக்கு, யாரும் தொடாமலே, சங்கிலி விட்ட மட்டும் மேலே எழுந்து நின்றது.

காத்தானுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கை முழுக்கப் பாரத்தோடு பழகியவர். பின்னால் ஏற்றிய சுமை வீட்டின் அச்சுக்கு அந்தப்புறம் இறங்கி, இந்தப்புறம் தன் பிக்கப்பின் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. டயர் கடிக்க வேண்டும் என்று அடுக்கியதே டயரைக் கடிக்க விடாமல் செய்கிறது. இந்தக் கோலத்தில் முதல் வளைவிலேயே சக்கரம் சும்மா சுற்றியிருக்கும், பின்னால் பள்ளம். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும் வந்தது.

“எல்லாத்தையும் எறக்குங்க,” என்றார். “ஒரு மூட்டை இருக்கக் கூடாது.”

“ஏப்பா, சிமெண்டு இங்க கெடந்தா பனில கட்டியாயிரும்,” என்றார் மாணிக்கம்.

“ஆகாது.”

மாணிக்கம் வழக்கம்போல் காத்திருந்தார். இறங்கிய மூட்டைகள் திரும்ப ஏறும் என்று நம்பி ஒரு டீயும் சொன்னார். ஏறவில்லை. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பங்காளியின் முகத்தைப் பார்த்தார்.

“முப்பது வருசமா உன் வாயில அந்த வார்த்தையக் கேக்கறேன் காத்தா. இன்னைக்குத்தான் அதுக்கு அர்த்தம் இருக்குதுன்னு தெரியுது. என் பையன் கலியாணத்துக்கு நீ வர வேண்டாம்.”

“உன் பையனுக்கு இன்னும் பொண்ணே பாக்கலயே.”

“பாத்தா வர வேண்டாம்.”

அரிசி மூட்டைகளையும் டீக்கடையிலேயே விட்டுவிடலாம் என்று காத்தான் திரும்பியபோது, காலையிலிருந்து எதையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த யமுனாவே குறுக்கே நின்றாள்.

“அரிசி வரட்டுங்க மாமா.”

“ஏங்கண்ணு, நீதானே வேண்டாம்னே?”

“சின்னம்மா அரிசிங்க. அதைக் கீழ விட்டுட்டு ஊட்டை மட்டும் கொண்டு போனா, நெலத்துல நிறுத்த உடுவாங்களா?”

காத்தான் யோசித்தார். பாரத்தில் இது இன்னொரு வகை.

“அப்ப முன்னாடி வெய்க்கோணும். மூக்கு மேல கொஞ்சம் கனம் உக்காரட்டும். ஆனா முன்னாடி...”

“மெத்தைதான். வைங்க,” என்றாள் யமுனா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வெள்ளை விரிப்பின் மேல் அரிசி மூட்டைகள் படுத்தன. நகராதபடி கயிற்றால் கட்டினார்கள். மூக்கு குண்டின் மேல் அழுத்தமாக இறங்கியது. காத்தான் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், சங்கிலியைக் குறுக்காக மாட்டினார், சமதளத்தில் கொஞ்சம் ஓட்டி இரண்டு பிரேக்கையும் சோதித்தார். பட்டறைக்காரர் சொன்னதையெல்லாம் ஒருமுறை சொல்லச் சொல்லி யமுனாவிடம் கேட்டார். கேட்டதை யாரும் பார்க்கவில்லை. மாணிக்கம் கோபித்துக்கொண்டு, இனி இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று, தன் சிமெண்டுக்குக் காவலாக மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மலை ஏறத் தொடங்கிய பிறகு வேறு விதமான தொல்லை. பிக்கப் திரும்பும் வளைவில் வீடு திரும்புவதில்லை; அது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்புறம் விளிம்பு வரை போய், அகலமாகச் சுற்றி, கண்ணாடியில் வீட்டின் சக்கரம் கல்லை உரசாமல் தப்புகிறதா என்று பார்த்து, முதல் கியரிலேயே இழுக்க வேண்டும். எதிரே வண்டி வராமல் பார்க்க யமுனா முன்னால் இறங்கி நடந்தாள். ஏறினாள், இறங்கினாள், நடந்தாள். இருபது வளைவுக்குப் பிறகு ஏறுவதையே விட்டுவிட்டாள். இன்ஜின் சூடு தணிய நிறுத்திய இடத்தில் குரங்குகள் வண்டிவீட்டின் கூரையில் ஏறி உட்கார்ந்து, தாங்களே முதல் விருந்தாளிகள் என்பதுபோல் பேன் பார்த்துக்கொண்டன.

பாதி மலையில், யமுனா கையை நீட்டி நிறுத்துவதற்குள், ஒரு பஸ் இறங்கி வந்து பிக்கப்புக்கு நேர் எதிரே நின்றது.

“ஏனுங்க, ஊட்டோட கெளம்பிட்டீங்க, ஊட்டுக்காரம்மாளோட சண்டைங்களா?” என்றார் டிரைவர்.

“கொஞ்சம் பின்னாடி எடுங்க,” என்றார் காத்தான்.

“நீங்க எடுங்க. எங்கிட்ட அம்பது பேரு இருக்கறாங்க.”

எடுக்கத்தான் பார்த்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வீடு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம் போய் மடங்கப் பார்த்தது. பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை முளைத்து, ஒவ்வொரு தலையும் ஒரு யோசனை சொன்னது. ஓட்டத் தெரியாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். காத்தான் இன்ஜினை அணைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

“எனக்கு இதைப் பின்னாடி எடுக்கத் தெரியாதுங்க,” என்றார்.

தெரியாது என்று அவர் சொல்லி மலையில் யாரும் கேட்டதில்லை. டிரைவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பஸ்ஸை மேல் வளைவு வரை பின்னால் எடுத்தார்.

வெயில் தாழும்போது திருப்புலி நாடு வந்துவிட்டது. பாகம் பிரியாத நிலத்தின் ஓரத்தில், சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் பூட்டைக் கழற்றினார்கள். மாதம்மாள் வந்தாள். அரிசி மூட்டையைத் தேடி உள்ளே ஏறியவள் குழாயைத் திருகிப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து மூடினாள், மூட்டை இறக்கிய மெத்தையில் உட்கார்ந்து இரண்டு முறை அமுக்கினாள். யமுனா வாசலில் நின்றாள்.

“அரிசிய மெத்தைல படுக்க வெச்சுக் கொண்டாந்திருக்கறே,” என்றாள் மாதம்மாள். “இதுல எவனாச்சும் காசு குடுத்துப் படுப்பானா?”

“சனிக்கெழமை வாராங்க சின்னம்மா.”

“பைத்தியக்காரங்க.” எழுந்து, வெளியே எட்டிப் பார்த்தாள். “இங்க எதுக்கு நிறுத்தினே? மத்தியானம் வெயிலு மொகத்துல அடிக்கும். அந்தப் பலா மரத்துக்குக் கீழ தள்ளி நிறுத்து. வர்றவங்களுக்குச் சோறு எங்க, உங்க ஊட்லயா, எங்க கடையிலயா?”

“உங்க கடையிலதானுங்க,” என்று யமுனா அவசரமாகச் சொன்னாள். அதற்கு முன்னால் அவள் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

திரும்ப மாட்டிப் பலா மரத்துக்குக் கீழே நிறுத்த இன்னும் ஒரு மணி நேரமும், ஊரில் பாதிப் பேரின் தோளும் தேவைப்பட்டன. வேலை முடிந்ததும் காத்தான் பிக்கப்பைக் கிளப்பினார். யமுனா கும்பிட்டாள், அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதமாதிரி இருந்தார்.

தன் ஊருக்குப் போகும் வழியில் சின்ன வளைவு ஒன்று. காத்தான் எதிர்ப்புறம் விளிம்பு வரை போய், அகலமாகச் சுற்றி, கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்பினார். ஸ்கூட்டரில் எதிரே வந்தவர் பள்ளத்தின் ஓரத்தில் காலூன்றி நின்றார்.

“ஏனுங்க, ரோடு பூரா உங்களுக்கே வேணுங்களா? பின்னாடி என்ன ரயிலா வருது?”

காத்தான் கண்ணாடியை மறுபடியும் பார்த்தார். அதில் சாலை மட்டும்தான் இருந்தது.