அடிக்கல் நாளை வரும்

போன வாரம் எங்கள் காலேஜ் சிவில் இன்ஜினியரிங் துறைக்குப் போயிருந்தேன். 'எங்கள்' என்று சொல்லக் கூடாது — ரிட்டையர் ஆகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் வாசல் செக்யூரிட்டி இன்னும் சல்யூட் அடிக்கிறார். ஒரு கிழவனுக்கு அது போதாதா?

துறையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அறைகளில் ஆரம்பித்த துறை. இன்று மாடி மாடியாக நிற்கிறது. ஆரம்ப நாட்களைப் பற்றி எழுத, கைநடுங்காமல் பேனா பிடிக்கிற ஆள் நான் ஒருவன்தான் மிச்சம். ஆகவே அழைப்பு. டீ, சமோசா, முதல் வருட மாணவர்கள்... பேசச் சொன்னார்கள். வழக்கமான கதையை எடுத்துவிட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். வெட்கமில்லாமல் இங்கேயே எழுதியிருக்கிறேன். புதியவர்களுக்காக மறுபடி.

துறைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பெயர் பொறித்த சலவைக்கல் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வர வேண்டும். கடல் சரியில்லை, கப்பல் லேட். விழா அன்று காலையில்தான் கல் துறைமுக ஜெட்டிக்கு வந்தது. நான் ஒரு ஹிந்திக்கார மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஜெட்டி ஜாவோ, கல் லேகே ஆவோ!" என்று விரட்டினேன். போய்க் கல்லை எடுத்து வா என்று அர்த்தம். ஹிந்தியில் கல்லுக்குப் 'பத்தர்' என்று பெயர். அவசரத்தில் அது மறந்துபோய், தமிழ்க் கல்லை நடுவில் போட்டுவிட்டேன். ஹிந்தியில் 'கல்' என்றால் நாளை. அவர் "டீக் ஹை சாப், கல்" — சரி சார், நாளை — என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை கல்லோடு வந்து நின்றார்!

விழா என்ன ஆயிற்று? மெயின்லேண்ட் பெரிய மனிதர் மாலையோடு காத்திருக்கிறார். லேபுக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டியில் பலம் பார்க்கும் டெஸ்டுக்காக ஊறிக்கொண்டிருந்த ஒரு கான்கிரீட் கியூபைத் தூக்கி, சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "ஏன் ஈரம்?" என்றார் பெரிய மனிதர். "அபிஷேகம் செய்திருக்கிறோம் சார்" என்றேன். பயபக்தியோடு குழியில் இறக்கினார்.

ஆக, எங்கள் துறையின் அடிக்கல் ஒரு டெஸ்ட் கியூப். அதன் ரிசல்ட் இன்னும் வரவில்லை!

மாணவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். துறைத் தலைவர் செல்வராணியும் சிரித்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலையில் சேர்ந்தவர், கெட்டிக்காரப் பெண். ஆட்டோ வரை வழியனுப்ப வந்தார்.

"சார், ஒரு சின்ன கரெக்‌ஷன்."

"என்னம்மா, கியூப் சைஸா?"

"இல்ல சார். அந்த மேஸ்திரி மேஸ்திரி இல்ல, காலேஜ் ஜீப் டிரைவர். ஹிந்திக்காரரும் இல்ல, தமிழ்க்காரர். பேரு முருகையா."

நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சார்."

எம். செல்வராணி. அந்த 'எம்' யார் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

"புக்ல போட வேணாம்னு சொல்லல சார். ஜோக் நல்லாத்தான் இருக்கு. மத்லப்... அதாவது, ரிலீஸ் அன்னிக்கு அப்பா வருவார். முதல் வரிசையில உட்காருவார். அவ்ளோதான்."

அவ்ளோதான்! கியூபை நசுக்கும் எங்கள் மெஷினுக்குக்கூட அவ்வளவு அழுத்தம் கிடையாது.

மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். அவர் தமிழர் என்பது அன்றே எனக்குத் தெரியும். ஹிந்தியில் பேசினால்தான் ஆபீசில் மதிப்பு என்று நான் நம்பிய காலம் அது. பரீட்சை எழுதிக் கற்ற ஹிந்தி, யாரிடமாவது காட்ட வேண்டாமா? ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் அரைகுறை ஹிந்தியில் பேசிக் கல்லைக் கோட்டைவிட்டான் — இதுதான் உண்மைக் கதை. அப்படிச் சொன்னால் முட்டாள் யார் என்று தெரிந்துவிடும். அதனால் அவரை ஹிந்திக்காரராக்கினேன். அது போதாதென்று, கல் ஏன் லேட் என்று மேலிடத்தில் விசாரித்தபோது "டிரைவர் தப்பு" என்றேன். ஜீப்பிலிருந்து அவரை ரோடு போடும் தார் லாரிக்கு மாற்றினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கதையை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

மறுநாளே மரைன் ஹில்லில் இருக்கும் என் வீட்டிலிருந்து, அவர் குடியிருக்கும் சிப்பிகாட்டுக்குப் போனேன். முருகையா பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். தலை வெளுத்திருந்தது. கண்ணில் அதே குறும்பு.

"வாங்க தொரை!" என்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். மேலதிகாரி எவரானாலும் அவர்களுக்குத் தொரைதான்.

அன்று 'நீ' என்றவன், இன்று 'நீங்க'வுக்கு மாறினேன். "முருகையா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"ஹிந்தியிலயா, தமிழ்லயா?"

அவர் ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

"உக்காருங்க. அன்னிக்கு நீங்க கேட்டது எனக்கு வெளங்கலன்னா நெனச்சீங்க? விழா இன்னிக்கு, கல்லு நாளைக்கா? அவ்ளோ மக்கா சார் நானு?"

"பின்னே ஏன்யா...?"

"விழாவுக்கு மொத நாளு என்ன சொன்னீங்க? 'டியூட்டியில தமிழ் பேசாதே, ஹிந்தி மே போலோ'ன்னு அத்தன பேரு முன்னாடி கத்துனீங்களா இல்லியா? சரின்னு மறுநாளு நீங்க சொன்ன 'கல்'ல ஹிந்தியிலயே கேட்டுக்கிட்டேன். எங்கப்பா தோட்டத்துல சொல்லிக் குடுத்தது சார்... தொரைய எதுத்துப் பேசாதே. சொன்னத சொன்னபடி செஞ்சிட்டு, ஓரமா நின்னு பாரு."

"பாத்தீங்களா?"

"மாமரத்துக்குப் பின்னாடி நின்னேன். அபிஷேகம்னு ஒண்ணு விட்டீங்க பாருங்க — அங்கதான் சார் நீங்க பெரிய ஆளு!"

இத்தனை வருடமாக எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை? ஒரு டிரைவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அவ்வளவுதான் காரணம்.

"தார் லாரி..." என்று இழுத்தேன்.

"அது சொகுசு இல்ல சார்" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "ஆனா அத நானே வாங்கிக்கிட்டது. என்னைய ஹிந்திக்காரனாக்குனீங்க பாருங்க, அதான் மனசுல நிக்குது. தமிழனா வச்சிருந்தா நானும் கூடச் சேந்து சிரிச்சிருப்பேன்."

பந்தல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"செல்வராணிக்குத் தெரியுமா, வேணும்னே செஞ்சீங்கன்னு?"

"ஐயோ, சொல்லிப்புடாதீங்க. ஸ்டூடண்ட்ஸ அடக்கி ஆளுற புள்ள. அப்பனே இப்படின்னா அதுக்கு என்ன மரியாதை?"

"அப்ப புக்ல என்ன எழுத?"

"டிரைவர் முருகையா, தமிழ் ஆளுன்னு எழுதுங்க. தப்பு உங்க ஹிந்தியோடதுன்னும் எழுதுங்க. மிச்சக் கதைய உங்க பத்திரிகையில தமிழ்ல போட்டுக்குங்க."

"செல்வராணி படிச்சிட்டா?"

"எங்க படிக்க? அவ ஹிந்தி மீடியம் சார். தமிழ் பேசுவா, ஒரு எழுத்து தெரியாது."

ஆகவே, வாசகர்களே, மிச்சக் கதை உங்கள் கையில். தயவுசெய்து யாரும் அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். புத்தகத்தில் முருகையாவின் பெயர் இருக்கும், என் தப்பும் இருக்கும். முதல் வரிசையில் அவர் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நேற்று செல்வராணி போன் செய்தார். "சார், உங்க சாப்டர் எப்ப தருவீங்க? பிரிண்டர் கேட்டுட்டே இருக்கான்."

"கல்" என்றேன்.

"டீக் ஹை சார்" என்று வைத்துவிட்டார். நான் சொன்ன 'கல்' எந்த மொழியில் என்று கேட்கவில்லை!