சுண்ணாம்புப் பாதையில் இரண்டாம் நாள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருடமாக பெரம்பலூரில் நர்ஸ். எத்தனையோ பேர் என் கண் முன்னாலேயே உயிரை விட்டிருக்கிறார்கள், ஒருவரும் திரும்பி வந்து என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் கதிரவனுக்கு சைக்கிள் பைத்தியம், மலைப்பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள். கூட ஓட்டுகிறவன் தனபால், அவரைவிட நாலு வயது சின்னவன், என்னை அண்ணி என்று கூப்பிடுவான். ஒரு சித்திரை மாதம், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவே போகிற மண்பாதைக்கு இரண்டு பேரும் பயிற்சிக்குப் போனார்கள். வெயிலில் கதிரவனுக்குத் தலை சுற்றிவிட்டது. மாலையில் உடம்புதான் வீட்டுக்கு வந்தது.

"உக்காருங்கண்ணே, ஆள கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு ஓடுனேன் அண்ணி, அதுக்குள்ள போயிட்டாரு" என்று தனபால் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கதிரவனின் போனைத் திறந்தேன். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எங்கே, எவ்வளவு வேகத்தில் போனார்கள் என்று பதிவு செய்கிற ஆப் ஒன்று அதில் இருந்தது, தனபாலின் அன்றைய ஓட்டமும் அதில் இருந்தது. அவன் ஆள் தேடிப் போகவில்லை. என் புருஷனை அங்கே உட்கார வைத்துவிட்டு, போட்டிருந்த திட்டப்படி மிச்ச தூரம் முழுவதையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறான். அவன் இதுவரை ஓட்டியதிலேயே அதுதான் அதிக வேகம் என்று ஆப் ஒரு குட்டிக் கோப்பைப் படம் வேறு போட்டிருந்தது.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கதிரவனின் சைக்கிளையே எடுத்து, சீட்டைக் கீழே இறக்கி, ஒரு வருடம் பழகினேன். பழக்கிவிட்டவனும் தனபால்தான். மூன்று நாள் ஜோடிப் பந்தயம் ஒன்று நடக்கப்போகிறது, அண்ணன் ஞாபகமாக நாம் இரண்டு பேரும் ஓட்டலாம் என்று நான் சொன்னபோது கண் கலங்கிவிட்டான். அந்தப் பந்தயத்தின் இரண்டாம் நாள் பாதை அதே சுரங்கப் பக்கம் போகிறது என்பதை நான் முதலிலேயே பார்த்துவைத்திருந்தேன்.

முதல் நாள் வேப்பந்தட்டை தாண்டி பச்சைமலை அடிவாரம். ஏற்றத்தில் நான் திணறும்போதெல்லாம் தன் சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முதுகைத் தள்ளிவிட்டான். அவன் கை பட்ட இடமெல்லாம் எனக்கு எரிந்தது.

இரண்டாம் நாள் கடைசித் தண்ணீர்ப் பந்தலில் அவன் பாட்டில்களையும் வாங்கி நிரப்பி என் பையிலேயே போட்டுக்கொண்டேன். "நேத்து பூரா என்னைய தள்ளிட்டு வந்த, இன்னக்கி வெயிட்ட நான் தூக்குறேன்" என்றேன். அப்புறம் நிற்கவே இல்லை. மணி பன்னிரண்டரை, பாதை முழுக்க வெள்ளைப் புழுதி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், பேருக்குக்கூட நிழல் கிடையாது. கொஞ்ச தூரத்தில் அவன் சைக்கிளோடு சாய்ந்தான். போய்ப் பார்த்தேன். முகம் காய்ந்துபோய், வியர்வை வருவதே நின்றுபோயிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி, தண்ணி" என்றான்.

"உக்காரு. ஆள கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், அதன் கட்டைச் சுவரில் ஒரு காலை ஊன்றி நின்றேன். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எவ்வளவு நேரம் நின்றேனோ, எதற்காக என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை, சைக்கிளைத் திருப்பினேன்.

நான் வரும்போது அவன் மல்லாந்து கிடந்தான், தலை மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தது, யாரோ சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தான். புழுதியில் சரிந்து கிடந்த அவன் சைக்கிள் இப்போது சக்கரம் இரண்டும் மேலே பார்க்கத் தலைகீழாக நின்றது. கதிரவன் எங்கே நிறுத்தினாலும் அப்படித்தான் கவிழ்த்து நிறுத்துவார். தனபாலே எழுந்து கவிழ்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இருந்த தண்ணீரையெல்லாம் அவன் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றி, ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்.

சாயங்காலம் அரியலூர் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்தான்.

"அண்ணன் வந்தாரு அண்ணி."

"வெயில் ஏறுனா அப்புடித்தான் தோணும். பேசாம படு."

"பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டேன், குடுக்கல. வாட்சையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், குள்ளச்சி பாலத்துல கால ஊனி நிக்கிறா, இப்ப வண்டிய திருப்புறா, எதுக்குடா திருப்புறான்னு என்னையே கேட்டாரு."

அந்தப் பாலம் இரண்டு வளைவு தாண்டி, சுரங்கத்து மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குள்ளச்சி என்பது வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகு மட்டும் கதிரவன் என்னைக் கூப்பிடுகிற பேர், என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

தனபால் பிழைத்துவிட்டான். தண்ணீரை வைத்துக்கொண்டு ஏன் போனீர்கள் என்று அவன் இதுவரை கேட்டதில்லை, அந்த ஆப்பில் பார்த்ததை நானும் கேட்கவில்லை. நம்பினால் நம்புங்கள், கதிரவன் வந்தாரா இல்லையா என்பதுகூட இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது, அன்று கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கடைசியாக நான் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில்தான்.

"எதுக்கு திருப்புறான்னு கேட்டாருன்னியே, கோவமா கேட்டாரா?"

"இல்ல அண்ணி. நம்புன ஆளு ஏமாத்திட்டா எப்புடி கேப்பாங்க, அப்புடி."