வேலம்பாளையத்துக்கு ஒரு ஜூனிபரைப் பார்க்கப் போனது

காலை 6.10. சேலம் ஜங்ஷன். திருப்பூருக்குச் சாதாரண டிக்கெட் அறுபது ரூபாய். ரயில் ஏழு நிமிடம் தாமதம் என்று பலகை சொன்னது. பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக நின்று விசில் ஊதியவன் நான். ஏழு நிமிடம் என்பது என் கணக்கில் குற்றம். நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான்கு தடவை நடந்தேன். டீ வாங்கிப் பாதியைக் கொட்டினேன்.

போவது ஒரு மரத்தைப் பார்க்க. ஏற்காட்டு நர்சரியில் விரல் நீளக் குச்சியாக வாங்கி, ஒன்பது வருஷம் மொட்டை மாடியில் வளர்த்த ஜூனிபர் அது. குளிர் நாட்டு மரம். நம் வெயிலில் பிழைத்ததே பெரிய காரியம். தொட்டியிலேயே குட்டையாக வைத்து, மலையுச்சியில் காற்றடித்து முறுகிய கிழமரம் போல ஆக்குவதுதான் போன்சாய்க்காரர்களின் ஆசை. என் மரத்தில் அந்த முறுக்கு மட்டும் இல்லை. கட்டைவிரல் தடிமனில் கொடிக்கம்பம் போல நட்டமாக நின்றது. தண்டு இளசாக இருக்கும்போதே செம்புக் கம்பியைச் சுற்றி வளைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால், மரம் அந்த வளைவிலேயே இறுகிவிடும். அந்த வேலை எனக்குக் கைவரவில்லை. இதற்கு முன் மூன்று மரங்களை வளைக்கிறேன் என்று முறித்துப் போட்டிருக்கிறேன்.

அதனால்தான் ஆடி மாதம் திருப்பூர் வேலம்பாளையம் ஈஸ்வரியிடம் அதைக் கொண்டுபோய் விட்டேன். ஈஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜட்டி, பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக் நாடா நெய்து கொடுக்கிற யூனிட் நடத்துகிறார். யூனிட்டின் மேல்மாடியில் நாற்பது போன்சாய் வைத்திருக்கிறார். "இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதிங்க" என்றுதான் அன்றைக்குச் சொன்னார். எனக்கு ஐம்பத்தொன்பது வயசு, அடுத்த வருஷத்துக்கெல்லாம் காத்திருக்க முடியாது, ஒரேயடியாக வளைத்துவிடுங்கள் என்று நான்தான் நச்சரித்தேன். போன ஞாயிறு சாயங்காலம் ஃபோன் வந்தது. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள், நேரில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். திங்களன்று ஆத்தூரில் மச்சினன் மகள் கல்யாணம், தலைகாட்டாமல் இருக்க முடியாது. பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை. இன்று செவ்வாய்.

7.55. ஊத்துக்குளியைக் கொஞ்சம் தாண்டிச் சிக்னலுக்காக ரயில் நின்றது. எதிர் சீட்டில் இரண்டு வெண்ணெய்த் தூக்குகளோடு ஒரு பெரியவர். திருப்பூரில் வாடிக்கை வீடுகளுக்கு எடுத்துப்போகிறாராம். பதினோரு நிமிடம் நின்றதில் நான் மூன்று தடவை எழுந்து வாசலில் எட்டிப் பார்த்தேன். அவர் தூக்குகளைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். நான் தட்டிவிட்டுவிடுவேன் என்ற பயம் நியாயமானதுதான்.

8.20. திருப்பூர். வேலம்பாளையத்துக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது. ஷிப்ட் நேரம் என்பதால் பி.என். ரோடு முழுக்கக் கம்பெனி வேன்கள், டிபன் கேரியர்கள், இந்தி பேசிக்கொண்டு நடக்கிற இளைஞர்கள். ஓட்டுநருக்குக் கோவில்பட்டிப் பக்கம். பத்து வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார். "என்ன சார், ஆஸ்பத்திரியில ஆளப் போட்டுட்டு வந்தவுக மாதிரி மூஞ்சிய வச்சிருக்கிய?" மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

8.50. கீழே பத்துப் பன்னிரண்டு தறிகள் சடசடவென்று நாடாவைக் கக்கிக்கொண்டிருந்தன. மாடியில் பச்சை வலைக்கடியில் வரிசையாகத் தொட்டிகள். எங்கோ ஆலைகளிலிருந்து பறந்துவரும் பஞ்சு வலைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஈஸ்வரி தண்ணீர் கொடுத்தார், ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்றார். நான் தொட்டிகளுக்கிடையில் என் மரத்தைத் தேடினேன்.

என் மரம் மூலையில் இருந்தது. அடித்தண்டு இடப்பக்கம் சாய்ந்து, சட்டென்று திரும்பி, மறுபடி கீழே குனிந்து, நான் ஒன்பது வருஷமாகக் கனவு கண்ட அதே வடிவம். இலையெல்லாம் பச்சைப்பசேல். இதைக் காட்டவா இத்தனை பீடிகை என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஈஸ்வரி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு ஜூனிபரைக் காட்டினார். அவருடையது. கொண்டை முழுக்கப் பழுப்பு. தண்டில் கம்பி இருந்த இடத்தில் பட்டை வளையமாக உரிந்து தொங்கியது.

"தப்பு என்னுதுங்கண்ணா. வாழைநாருக்குப் பதிலா நம்ம நாடாவச் சுத்திப்போட்டு மேல கம்பி போட்டனுங்க. மரம் பருத்தா கூடவே விரிஞ்சு குடுக்கும்னு நெனச்சுட்டனுங்க. உங்களுதுக்கும் அதேதானுங்க."

வளைக்கும்போது பட்டை கிழியாமல் இருக்க, கம்பிக்கு அடியில் நனைத்த நாரைச் சுற்றுவது வழக்கம். நார் சில மாதத்தில் நைந்து தானே விட்டுக்கொடுத்துவிடும். எலாஸ்டிக் விடாது. விரிந்த அளவுக்கு இரவும் பகலும் உள்நோக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். இருபது வருஷமாக அதை நம்பிச் சோறு தின்கிறவருக்கு அதன்மேல் சந்தேகம் எப்படி வரும்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்றால் அப்போதே அறுத்துவிட வேண்டியதுதானே, இரண்டு ராத்திரி எதற்காக இறுக விட்டீர்கள் என்று கத்தினேன். கீழே தறியோட்டுகிறவர் ஒருவர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஈஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "ஒரு லாட்டுச் சரக்கு கெட்டுப்போச்சுன்னா வாங்கற பார்ட்டிய வரச்சொல்லி, அவிங்க முன்னாடிதானுங்க பிரிக்கோணும். நாமளா பிரிச்சுச் சரிபண்ணி வெச்சா மறைச்ச மாதிரி ஆயிருமுங்க. சரக்குக்குப் பண்றதயே மரத்துக்கும் பண்ணிட்டனுங்க. சரக்கு காத்துக்கிட்டு இருக்கும். மரம் இருக்காதுங்குறது எனக்குத் தோணலீங்க."

பாதி பாதியாக வளைக்கலாம் என்றவரை ஒரேயடியாக வளைக்க வைத்தவன் நான். ஃபோன் வந்த பிறகும் கல்யாணத்துக்குப் போனவன் நான். மாடியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த கேள்வியை அவரே கேட்டார். நாடாவை எடுக்க வேண்டுமானால் கம்பியை எடுக்க வேண்டும். நாலு மாதத்தில் தண்டு இன்னும் இறுகவில்லை, கம்பி போனால் வளைவும் போய்விடும். புண்பட்ட தண்டில் மறுபடி கம்பி போடவே கூடாது. கம்பியை விட்டுவைத்தால் வடிவம் நிற்கும், மரம் நிற்பது சந்தேகம். "நீங்கதானுங்க சொல்லோணும்."

அந்த வளைவை இன்னொரு தடவை பார்த்தேன். எடுத்துவிடுங்கள் என்றேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

9.30. செம்புக் கம்பியைச் சுற்றி அவிழ்த்தால் பட்டை பிய்ந்துவிடும். பிளையரால் துண்டு துண்டாக வெட்டினார். பதினாலு சுற்று. நான் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு கீழேயிருந்து, செக்கிங்கில் நூல் பிசிறு நறுக்குகிற ட்ரிம்மர் கத்தரியை எடுத்துவந்து, பட்டைக்குள் புதைந்திருந்த நாடாவை இழை இழையாக அறுத்தார். ஒவ்வோர் இழையும் அறுபடும்போது என் உள்ளங்கைக்குள் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. விடாமல் பிடித்துப் பார்த்தேன். "விட்டுருங்கண்ணா" என்றார். விட்டேன். குனிந்திருந்த தலை எழுந்து, பாதி வளைவோடு நின்றது.

முன்பக்கம் முழுக்க வளையம் வளையமாகப் பள்ளம், உள்ளே பழுப்பு. பின்பக்கத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை தப்பியிருந்தது. நகத்தால் லேசாகக் கீறினார். பச்சை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஜூனிபரு செத்தாலும் ரெண்டு மாசம் பச்சையாத்தான் நிக்கும். நுனியில புதுத் துளிரு வரோணும். அப்பத்தான் உசுரு இருக்குதுன்னு அர்த்தமுங்க."

இப்போது அதை ரயிலில் குலுக்கிக்கொண்டு போவது கூடாது என்றார். நிழலில் வைத்து, இலைக்கு மட்டும் தண்ணீர் தெளிப்பதாகச் சொன்னார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சாதத்தில் நெய் ஊற்றிக் கொடுத்தார். நெய் மணம் பிரமாதம். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

12.40. கிளம்பும் சாக்கில் மறுபடி மூலைக்குப் போனேன். கை தானாகத் தண்டின் பின்பக்கத்துக்குப் போயிற்று. இன்னும் ஒரே ஒரு கீறல், பச்சையா என்று பார்த்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன். ஈஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"அந்த ஒரு விரக்கட்டைதானுங்க மிச்சம். அதயும் கீறிக் கீறிப் பாக்காதீங்க."

2.05. திரும்பும் ரயில். எங்கள் வீட்டு மாடியில் இதுமாதிரி பஞ்சும் படியாது, தறிச் சத்தமும் இல்லை, காற்று நன்றாக வரும். ஆனால் அங்கே நான் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒன்று, குளிக்கும் முன் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என்று நாளைக்கு நாலு தடவை அதைக் கீறிப் பார்த்திருப்பேன். இரண்டு மாதம் அதற்கு என்னிடமிருந்து தூரமாக இருப்பதுதான் மருந்து. இதை ஒப்புக்கொள்ள ஈரோடு தாண்ட வேண்டியிருந்தது.

4.00. சேலத்தில் இறங்கியதும் நடைமேடையிலேயே நின்று ஈஸ்வரிக்கு ஃபோன் போட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. படியேறுகிற சத்தம் கேட்டது, தறிச் சத்தம் குறைந்தது. போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பச்சையாத்தானுங்க இருக்குது."

அதில் ஓர் அர்த்தமும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சந்தோஷமுங்க என்று சொல்லிவிட்டு, நாளைக்கும் கூப்பிடலாமா என்று கேட்டேன்.