நோர்வே தடுத்த சாமத்திய வீடு

பள்ளிக்கூட நேர்ஸ் தொலைபேசியில் அழைத்தபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மகளின் கோடை விடுமுறைப் பயணம் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும், நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார். குரல் மிகவும் இனிமையாக இருந்தது. ஒஸ்லோவில் ஒருவர் இவ்வளவு இனிமையாகக் கதைத்தால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருடத்தில் நான் படித்த பாடம்.

பயணம் இதுதான். மகள் பனிக்காலத்தில் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாள், கணவரின் அக்கா, செய்தி கேட்டு அழுதார், கண்ணைத் துடைத்தார், சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்தார். நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் பெரியபிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதில் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது, ஒரு பூசை கூடுதலாக இருக்கும். அவருடைய பக்கத்து வீட்டுக் கனடாக்காரர் தங்கள் பிள்ளையை ரதத்தில் கொண்டுவந்தபடியால் மச்சாள் பல்லக்குக்குச் சொல்லிவிட்டார். என் கணவர் அக்காவிடம் "ஓம்" என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் மட்டும் "எனக்கு விருப்பமில்லை" என்றாள். "எல்லாருக்கும் செய்யிறதுதானே, ஒண்டும் ஆகாது" என்றேன் நான். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூட நடையில், எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் சோமாலியப் பெண் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணை அகல விரித்தார்.

"நீயுமோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போனபிறகு விளங்கியது.

மேசையில் தண்ணீர்க் குவளை, கண்ணீர் துடைக்கும் கடதாசி, நடுவில் ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசி. மொழிபெயர்ப்பாளர் அதற்குள் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஆண். நேர்ஸ் நேராக என் முகத்தைப் பார்த்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். தொலைபேசி தொண்டையைச் செருமியது.

"வணக்கம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு... அந்த இடத்துல... ஏதாவது பண்ற பழக்கம் இருக்கான்னு கேக்கறாங்க."

"எந்த இடத்திலை?"

"அதான் மேடம்... மறைவான இடத்துல. அறுக்கறது."

நான் கதிரையோடு கதிரையாக ஒட்டிப்போனேன். பெற்றோர் கூட்டத்தில் கோட்டுக் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டாலே வியர்க்கும் ஆள் நான். முன்பின் தெரியாத ஓர் ஆண் தொலைபேசி வழியாக இதைக் கேட்கிறார்.

மகள் சொன்னதை நேர்ஸ் அவள் சொன்னபடியே வாசித்துக் காட்டினார்: நான் பெண்ணாகிவிட்டதால் அம்மாவின் ஊரில் சடங்கு செய்யப்போகிறார்கள். மாமி எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். முதல் பகுதி செய்யும்போது ஆண்கள் பார்க்கக் கூடாது. பட்டணத்திலிருந்து ஒரு பெண் பெட்டியோடு வருவாள். மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். முடிந்ததும் நகை தருவார்கள். வேண்டாம் என்றேன், எல்லோருக்கும் செய்வதுதான் என்று அம்மா சொன்னார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"நாங்கள் அவையள் மாதிரி ஆக்களில்லை!" என்று மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் நோர்வேஜிய மொழியிலேயே கத்தினேன். என் வாழ்நாளில் ஓர் அலுவலக அறைக்குள் நான் போட்ட ஒரே சத்தம் அதுதான். கதவு சாத்தியிருக்கவில்லை.

பெட்டியில் இருப்பது பவுடரும் சவுரி முடியும் என்று விளக்கினேன். மொழிபெயர்ப்பாளருக்கு உயிர் வந்தது. "அட, மஞ்சள் நீராட்டு! எங்க ஊர்லயும் உண்டு மேடம், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேனர் வைப்போம்!" என்றவர், நான் சொன்னதைப்போல மூன்று மடங்கை நேர்ஸுக்குச் சொன்னார். நேர்ஸின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல மெல்லச் சுருங்கியது.

"அப்படியென்றால், பிள்ளைக்கு முதன்முதலாக மாதவிடாய் வந்ததை அறிவிக்க மண்டபம் நிறைய ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள்?"

"ஓம்."

"படமும் எடுப்பீர்களா?"

"ஓம். ட்ரோனும் வரும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இது சட்டவிரோதம் இல்லை" என்றார். சட்டவிரோதமாக இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்போலத் தெரிந்தது. எழும்பும்போது, "ஆனால் உங்கள் மகள் வேண்டாம் என்றாளே" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சோமாலியப் பெண்ணும் வந்து சேர்ந்தார். நாங்கள் கதைப்பது உடைந்த நோர்வேஜிய மொழி. எழுதும்போது அது என் தமிழாகிவிடுகிறது.

"அவையள் எண்டது என்னைத்தானே?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"எனக்கும் புதுச் சட்டை தந்தவை. இனிப்புத் தந்தவை. பிறகு என்ரை அம்மாதான் காலை இறுக்கிப் பிடிச்சவ. வெட்டித் தைச்சுவிட்டினம். பிள்ளை பெறேக்கை இஞ்சை திரும்ப வெட்டித் திறந்தவை." பேருந்து நேர அட்டவணை சொல்வதுபோலச் சொன்னார். "என்ரை பிள்ளையளை ஒருத்தரையும் தொட விடேல்லை. அதாலை அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. ஆனாலும் ஒவ்வொரு லீவுக்கும் முன்னம் என்னைக் கூப்பிட்டுக் கேப்பினம்."

"கோவம் வராதோ?"

"வரும். கேக்கட்டும். எனக்குச் செய்யேக்கை கேக்க ஆளில்லை."

அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "எங்கடை சடங்கும் ஒரு விதத்திலை..." என்று தொடங்கினேன்.

"விசர்க் கதை கதையாதை. உனக்கு ஊத்தினது தண்ணி" என்றார். சிறிது தூரம் நடந்தபிறகு, "அது சரி, ட்ரோன் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

வீட்டில் மகள் பாணுக்கு மண்ணிறச் சீஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி? வெட்டப்போறம் எண்டெல்லோ நினைச்சிட்டினம்!"

"தெரியும். போன கிழமைதான் வகுப்பிலை அதைப் பற்றிப் படிச்சனாங்கள்."

"தெரிஞ்சுகொண்டோ அப்பிடிச் சொன்னனி?"

"உங்களுக்கும் சொன்னனான் அம்மா, விருப்பமில்லை எண்டு. நீங்கள் ஒரு மீட்டிங்கும் வைக்கேல்லை. அவை வைச்சினம்." பாணைக் கீழே வைத்தாள். "மாமி வீடியோவை ஃபேஸ்புக்கிலை போடுவா. என்ரை வகுப்புப் பெடியள் பாப்பாங்கள். பிறகு நான் எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?"

அந்தக் குரலில் அவள் இதற்கு முன் எதையும் என்னிடம் கேட்டதில்லை.

பிள்ளைக்கு விருப்பமில்லை என்று மச்சாளிடம் சொல்ல முடியாது. பிள்ளைக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். அதனால் அன்றைக்கே அழைத்து, என்னிடம் கைவசமிருந்ததைச் சொன்னேன்.

"மச்சாள், இஞ்சை விடமாட்டினமாம்."

"என்னத்தை?"

"சாமத்திய வீட்டை. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விசாரிச்சவை."

"என்ன அநியாயம்! யாழ்ப்பாணத்திலை செய்யிறதுக்கு அவைக்கென்ன?"

"வேறை நாட்டிலை செய்தாலும் குற்றமாம்." அந்த மற்ற விஷயத்தில், அறுப்பதில், அது உண்மையான சட்டம்தான்.

"தண்ணியும் வார்க்கக் கூடாதோ?"

"துளியும் கூடாது."

"பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவினமோ?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. மச்சாள் மறுமுனையில் மூக்கை உறிஞ்சினார்.

ஆடி மாதம் ஊருக்குப் போனோம். பூசை முடிந்து வந்த பெண்கள் மகளின் கன்னத்தைத் தடவி, ஏதோ சிறையிலிருந்து தப்பி வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவள் காற்சட்டையும் சேட்டுமாகக் கோயில் முற்றத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். மச்சாள் பாதரை மறித்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பாருங்கோ பாதர், எங்கடை பிள்ளையளுக்கு அங்கை மனித உரிமை எண்டு ஒண்டுமேயில்லை."

பாதர் தலையை ஆட்டினார். நோர்வேக்காக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.