இத்தாவுக்கு ஒரு தேதி

1990 ஆகஸ்ட் இரண்டாம் தேதி உலகத்துக்கு, ஈராக் படை குவைத்துக்குள் புகுந்த நாள். எங்கள் வீட்டுக்கு, தங்கச்சி மாப்பிள்ளை காணாமல் போன நாள். முந்தின வாரம்தான் மச்சான் லீவு முடிந்து ஊரிலிருந்து குவைத் திரும்பியிருந்தார். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் விசா போய்விடும். கல்ஃப்காரன் எவனும் கடைசி வாரம் வரை லீவை இழுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவான். விசாவைக் காப்பாற்றப் போனார், பாவி மனுஷன்.

நான் அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தேன். குவைத்துக்கு போன் லைனே கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர்க்காரர்கள் கூடினால், அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிட்டு ஆளுக்கொரு கதை.

"ஜோர்டான்ல, அம்மான் ஊர்ல அகதி டெண்டுல பார்த்தாகளாம், காக்கா."

"இல்ல, பஸ்ரா ரோட்டுல."

பார்த்தவன் எவன் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுவார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் நின்றேன்.

சண்டை ஓய்ந்தது. குவைத்துக்குத் திரும்பப் போனவர்கள் தேடிப் பார்த்தார்கள். மச்சான் வேலை பார்த்த மளிகைக் கடை எரிந்து கிடந்ததாம். ஆளும் இல்லை, அடக்கம் செய்ய மையத்தும் இல்லை.

94இல் நான் லீவில் ஊருக்குப் போனபோது ஜமாத் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புருஷன் மௌத்தானால், அந்தச் சாவு நாளிலிருந்து பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். அதை முடித்துவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்க்கலாம், சின்ன வயசுதானே என்றார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி கேட்டாள்: "அவுக எந்தத் தேதியில மௌத்தானாக? சொல்லுங்க, இருக்கேன்."

ஒரு பெரியவர், "ஆகஸ்ட் ரெண்டுன்னு வச்சுக்கலாமே" என்றார்.

"அது பட்டாளம் புகுந்த தேதி! எங்க மச்சான் மௌத்தான தேதின்னு உம்மகிட்ட யாரு சொன்னா?" என்று அவர் மேல் பாய்ந்துவிட்டேன். வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் ஷார்ஜா வந்துவிட்டேன்.

98இல் ஒரு நாள் கடைக்கு அவளிடமிருந்து போன்.

"காக்கா, இன்னையிலேருந்து நான் இத்தா இருக்கேன்."

"சேதி ஏதும் வந்துச்சாம்மா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இத்தனை வருஷமும் கதவு தட்டுற சத்தம் கேட்டா விழுந்தடிச்சு ஓடுவேன். நேத்து யாரோ தட்டுனாக. அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். கையைக்கூட எடுக்கல. அவுகளா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல, காக்கா."