வேங்கையில் ஒரு சவப்பெட்டி

போன பங்குனியில் எனக்கு நெஞ்சு வலித்தது. தருமபுரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், வெறும் வாயு என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் என் சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்தேன்.

மரம் சொந்தமாகவே இருந்தது. சித்தேரி மலையடியில் எங்கள் நிலத்தின் மேல்கோடி காட்டோடு ஒட்டியிருக்கிறது. அங்கே யாரும் ஏர் ஓட்டியதில்லை, கோடாலியும் வைத்ததில்லை. அதில் ஒரு வேங்கை. நாலு பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். என் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் வாங்கியபோதே அது கிழடாம்.

"அத வெட்டிட்டு பத்துக் கன்னு நட்டுடறேன்" என்றேன்.

"பத்து எல்கேஜி பசங்களச் சேத்தா ஒரு எட்மாஸ்டரு ஆயிடுவாராங்க?" என்றாள் மனைவி. "உங்களுக்கு வந்தது ஏப்பம். அதுக்கு அம்மாம்பெரிய மரமா?"

மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து, பெட்டி செய்கிற ஆசாரியை அழைத்துப் போனேன். மரத்தை ஒரு சுற்று சுற்றிவந்து டேப்பை எடுத்தார்.

"படுங்கண்ணா, அளவெடுக்கணும்."

"இங்கயேவா?"

"வூட்ல படுத்தா அக்கா திட்டுவாங்க."

படுத்தேன். கீழே வயலில் எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. இங்கே சருகுக்கடியில் மண் ஈரம். முதுகு நனைந்ததும் மாரடைப்பு வியர்வை என்று முடிவு கட்டிக் கண்ணை மூடினேன். சாவு தாமதமாகவே, மறுபடி திறந்தேன்.

மேலே தண்டில் ஒரு பொந்து. அதன் வாயை மண்ணால் பூசி, ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. இருவாச்சி ஒன்று பறந்துவந்து கீறலில் அத்திப்பழத்தை நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு வாங்கிக்கொண்டது.

"பொட்ட உள்ள குஞ்சோட இருக்குதுங்கண்ணா" என்றார் ஆசாரி. "சின்ன மரத்துல இந்த மாதிரிப் பொந்து விழாது."

என் பெட்டியில் ஏற்கனவே ஆள் இருந்தது. குடும்பத்தோடு, உயிரோடு. நான் நடவிருந்த பத்துக் கன்றில் ஒன்றில் இப்படிப் பொந்து விழுவதற்குள் என் பேரனுடைய பேரனும் பெட்டிக்குள் போயிருப்பான். அதுவரை இந்தப் பறவையை எங்கே காத்திருக்கச் சொல்வது?

"கொல்லையில ஒரு வேம்பு நிக்குது. நான் நட்டதுதான்" என்றேன்.

"போதும்ண்ணா. குழியில எறக்கி மண்ணு தள்ளிட்டா வேங்கையா வேம்பான்னு யாரு பாக்கப்போறா?"

பெட்டி வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தப் பங்குனியிலும் பொந்தின் வாய் பூசியிருக்கிறது. வேம்பில் வண்டு விழாது என்று மனைவி என் பெட்டியில் ராகி கொட்டி வைத்திருக்கிறாள். நேற்றுகூட நெஞ்சைப் பிடித்தேன்.

"செத்த இருங்க" என்றாள். "ராகி காலியாவட்டும்."